புதுப் போன் பழுதானால் எந்த வழி: பணமா, மாற்றுப் போனா, சர்வீஸா?

வாங்கி ஆறாவது நாள் அது கண்ணில் பட்டது. போனின் வலது ஓரத்தில், வால்யூம் பொத்தானுக்குச் சற்று மேலே, திரைக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு மெல்லிய இடைவெளி. நகத்தின் நுனி உள்ளே போனது. எதிர் ஓரத்தில் அப்படி எதுவும் இல்லை. அன்று மாலை பேசிக்கொண்டிருக்கும்போதே போன் தானாக அணைந்து மறுபடி எழுந்தது. மறுநாள் இரண்டு முறை.

சர்வீஸ் சென்டரில், "வெச்சுட்டுப் போங்க சார், சாஃப்ட்வேர் போட்டுப் பார்த்துடலாம்" என்றார்கள். புதுப் பொருள், வாரண்டி இருக்கிறது, கம்பெனி ஆட்களே பார்க்கிறார்கள் என்று நம்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஐந்து நாள் கழித்துத் திரும்பக் கிடைத்தது. போன் முன்புபோலவே அணைந்து அணைந்து எழுந்தது. அதற்குள் கடையில் திருப்பிக் கொடுப்பதற்கான கெடு முடிந்துவிட்டது. எனக்கிருந்த வழிகளில் மிக நல்ல இரண்டு அந்த ஐந்து நாளில் கைவிட்டுப் போயின. அதே நிலையில் இன்று யாராவது இருந்தால் அவர்களுக்கு இது உதவ வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

புதுப் போனில் கோளாறு வந்தால் நமக்குள்ள வழிகள் ஐந்தாறுதான். பணத்தைத் திரும்பப் பெறலாம். அதே மாடலில் வேறு பீஸ் கேட்கலாம். வாரண்டியில் சர்வீஸுக்குக் கொடுக்கலாம். வெளியே தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டலாம். சின்னக் குறைதானே என்று பொறுத்துக்கொண்டு ஓட்டலாம். வந்த விலைக்கு விற்றுவிடலாம். இவற்றில் முதல் இரண்டுக்கும் கெடு நாள்கணக்கில்தான் இருக்கும். வாரண்டி மாதக்கணக்கில், பெரும்பாலும் ஓராண்டோ அதற்கு மேலோ நீளும். மற்றவை எப்போது வேண்டுமானாலும் செய்யக்கூடியவை. ஆகவே பில்லை எடுத்து அந்தக் கெடு தேதியை முதலில் பாருங்கள். கெடு முடியும்வரை சர்வீஸுக்குச் சம்மதிக்காதீர்கள். "அடுத்த அப்டேட்டில் சரியாகிவிடும்" என்று சொன்னால், அதுவரை திருப்பிக் கொடுக்கும் உரிமை நீடிக்கும் என்று எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரமாட்டோம் என்றால் காத்திருக்க வேண்டாம்.

அடுத்த கேள்வி பணமா, மாற்றுப் போனா என்பது. பலர் இதை மனநிலைக்கு ஏற்ப முடிவு செய்கிறார்கள்: கோபமாக இருந்தால் பணம், மாடல் பிடித்திருந்தால் மாற்று. நான் வேறு ஒன்றைப் பார்க்கச் சொல்வேன். கோளாறு அந்த ஒரு பீஸில் நேர்ந்ததா, அந்த மாடலுக்கே உரியதா? தொழிற்சாலையில் ஒரு திருகு சரியாக இறுகாமல் போனால் அது பீஸ் கோளாறு. வேறு பீஸ் வாங்கினால் தீர்ந்தது. பேட்டரிக்கு விட்ட இடம் போதவில்லை, சட்டம் மெலிந்துவிட்டது என்றால் அது மாடல் கோளாறு. பத்து பீஸ் மாற்றினாலும் பதினோராவதும் அப்படித்தான் இருக்கும்.

மாற்றிக் கொடுத்தும் தீராத கதைக்கு எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் சாம்சங் கேலக்ஸி நோட் 7. 2016 ஆகஸ்டில் விற்பனைக்கு வந்தது. பேட்டரி தீப்பிடிக்கும் புகார்கள் குவிந்ததும், செப்டம்பர் தொடக்கத்தில் விற்பனையை நிறுத்தி, வாங்கியவர்களுக்கு வேறு போன் தருவதாக நிறுவனம் அறிவித்தது. மாற்றாகக் கொடுத்த போன்களும் எரிந்தன. அக்டோபரில் அந்த மாடலின் உற்பத்தியே நின்றுபோனது. 2017 ஜனவரியில் விளக்கம் வந்தது. முதலில் வந்த போன்களின் பேட்டரியில் மேல் மூலையில் எதிர்மின் தகடு வளைந்திருந்தது. மாற்றுப் போன்களுக்கு வேறொரு நிறுவனம் பேட்டரி தந்திருந்தது. அதில் பற்றவைத்த இடத்தில் நீட்டிக்கொண்டிருந்த உலோகப் பிசிறு, இரு தகடுகளையும் பிரிக்கும் படலத்தைத் துளைத்திருந்தது. ஆக, மாற்றியதில் பழைய தவறு இல்லை, வேறு தவறு இருந்தது. அவசரமாகத் தயாரித்த மாற்றுப் பீஸை நம்பக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

ஐபோன் 6 பிளஸ் கதை வேறு மாதிரி. 2014இல் வந்த அந்தப் போன் பாக்கெட்டில் வைத்தே வளைகிறது என்ற புகார் வந்த மாதமே எழுந்தது. இரண்டு ஆண்டு கழித்து இன்னொன்று தலைகாட்டியது: திரையின் மேற்புறத்தில் சாம்பல் நிறப் பட்டை மினுங்கும், டச் வேலை செய்யாது. மதர்போர்டில் டச்சைக் கவனிக்கும் சிப்பைப் போர்டோடு பற்றவைத்த சோல்டர் இணைப்புகள் விரிசல் விட்டிருந்தன. பலமுறை கீழே விழுந்து அழுத்தம் பட்டதால் நேர்வது என்றது ஆப்பிள். உடல் வளைந்துகொடுப்பதே காரணம் என்றார்கள் வெளியில் பழுது பார்ப்பவர்கள். 2016 நவம்பரில் கட்டணத்தோடு சரிசெய்து தரும் திட்டம் ஒன்று வந்தது. பழுது பார்ப்பவர்கள் சொன்னது சரியென்றால், இங்கே நாம் கவனிக்க வேண்டியது, கட்டமைப்பில் இருந்த ஒரு பலவீனம் மின்னணுக் கோளாறாக வெளிப்பட இரண்டு ஆண்டு ஆனது என்பது. வாரண்டி அதற்குள் பலருக்கு முடிந்திருந்தது.

எல்லா மாடல் கோளாறுக்கும் பணத்தைத் திருப்பிக் கேட்க வேண்டும் என்பதில்லை. 2010இல் ஐபோன் 4இன் எஃகுச் சட்டமே ஆன்டெனாவாக இருந்தது. இடது கீழ் ஓரத்தில் இருந்த பிளவைக் கை மூடினால் சிக்னல் இறங்கியது. ஜூலையில் ஆப்பிள் இலவசமாக ஓர உறை கொடுத்தது. உறை போட்டால் பெரும்பாலும் தீர்ந்தது. உறை இல்லாமல் வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் மட்டும் பணத்தைக் கேட்டிருக்க வேண்டும். இப்படி வடிவமைப்பே காரணமாக இருந்தும் சுலபமாகச் சமாளிக்க முடிந்த கோளாறுகள் குறைவு. அதனால் அதை எதிர்பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

பீஸா, மாடலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கடையில் இருக்கும் காட்சிப் பீஸை எடுத்து, உங்கள் போனில் எந்த இடத்தில் இடைவெளியோ அதே இடத்தைத் தடவிப் பாருங்கள். பொத்தான் ஆடுகிறதென்றால் அதிலும் ஆடுகிறதா? அதே போன் வைத்திருப்பவர்கள் சொல்லும் புகார்களைப் படிக்கும்போது எண்ணிக்கையைவிட ஒற்றுமையைக் கவனியுங்கள். "மட்டமான போன்" என்று நூறு பேர் சொன்னால் ஒன்றும் தெரியாது. "வீடியோ எடுக்கும்போது கேமரா பக்கம் சுட்டு, பிறகு அணைகிறது" என்று நான்கு பேர் ஒரே மாதிரி சொன்னால் அது மாடலின் கோளாறாக இருக்க வாய்ப்பு அதிகம். நிறுவனமே அந்த மாடலுக்கு மட்டும் வாரண்டியை நீட்டினாலும் அது ஒரு தடயம். 2017இல் பிக்சல் 2 எக்ஸ்எல் திரையில் பழைய படத்தின் நிழல் படிகிறது என்ற புகார் எழுந்தபோது, கூகுள் அந்த வரிசைப் போன்களின் வாரண்டியை இரண்டு ஆண்டாக்கியது. நல்ல செயல்தான். அப்படிப்பட்ட மாடலை வைத்துக்கொள்ளலாம் என்றுகூடச் சொல்வேன், ஏனென்றால் பொறுப்பை நிறுவனம் எடுத்துக்கொண்டது.

கடைக்குப் போவதற்கு முன் போனின் மேல் வீண்பழி போடவில்லை என்பதையும் உறுதிசெய்துகொள்ள வேண்டும். போனை ஆட்டினால் கேமரா பக்கம் லேசாகக் 'கடகட' என்கிறதா? நடுக்கத்தைச் சமன்செய்யும் கேமராவில் லென்ஸ் மிதந்தபடி இருக்கும். அந்தச் சத்தம் பழுது அல்ல. முதல் ஓரிரு நாள் சூடாவதும் அப்படித்தான்: செயலிகள் இறங்குகின்றன, படங்கள் அட்டவணையாகின்றன, பின்னணியில் வேலை நடக்கிறது. சார்ஜ் போட்டிருக்கும்போது மட்டும் டச் தாறுமாறாக ஓடினால் முதலில் சார்ஜரை மாற்றிப் பாருங்கள்; மட்டமான சார்ஜரிலிருந்து வரும் மின் இரைச்சல் டச் உணர்வைக் குழப்பிவிடும். தானாக அணைந்து எழுகிறதென்றால், ஆண்ட்ராய்டு போனைச் சேஃப் மோடில் ஒரு நாள் ஓட்டுங்கள். அந்த நிலையில் நாமாகப் போட்ட செயலிகள் இயங்காது. பிரச்சினை அப்போது நின்றுவிட்டால் ஏதோ ஒரு செயலிதான் காரணம். ஃபேக்டரி ரீசெட் செய்வதாக இருந்தால், பழைய பேக்கப்பைத் திரும்ப ஏற்றாமல் வெறும் போனாகவே சில மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். பேக்கப்போடு சேர்ந்து பழைய வில்லங்கமும் திரும்பி வந்துவிடும். பிறகு எது காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்தச் சோதனையையெல்லாம் முதல் வாரத்திலேயே செய்துவிட வேண்டும். பொருள்கள் பழுதாகும் விதத்தைப் பொறியாளர்கள் குளியல் தொட்டி வடிவத்தில் வரைவார்கள். தொடக்கத்தில் பழுது அதிகம், நடுவில் நீண்ட காலம் குறைவு, தேய்மானம் சேர்ந்த பின் மறுபடி ஏறும். சரியாகப் பிடிக்காத சோல்டர், முழுதாக அமராத இணைப்பான், ஒழுங்காக ஒட்டாத பசை எல்லாம் தொட்டியின் முதல் சரிவில்தான் வெளிப்படும். நாமோ புதுப் போனைப் பொன்போலப் பொத்திப் பொத்தி வைக்கிறோம். அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் தடித்த உறை போட்டுவிடுகிறோம். ஓரத்தில் இடைவெளி இருந்தாலும் தெரியாது. கெடு முடியும்வரை உறையில்லாமல், ஆனால் கவனமாக, நன்றாக வேலை வாங்குங்கள். ஒரு மணி நேரம் வீடியோ கால் பேசுங்கள். வழிகாட்டியைப் போட்டுக்கொண்டு பயணம் போங்கள். இரண்டு சிம்மிலும் பேசுங்கள். ஸ்பீக்கரை முழுச் சத்தத்தில் வையுங்கள். இருட்டறையில் சாம்பல் நிறப் படம் ஒன்றைத் திரை முழுதும் வைத்துப் பாருங்கள். திட்டும் கோடும் அப்போதுதான் தெரியும். முழுதாகச் சார்ஜ் ஏற்றி, பின்புறம் கை வைத்துப் பாருங்கள்.

மாற்றுப் பீஸ் கேட்பது என்று முடிவானால் சில விஷயங்கள். கெடுவுக்குள் கடை கொடுப்பது பெரும்பாலும் புதுப் பெட்டி. கெடு முடிந்த பின் வாரண்டியில் நிறுவனம் கொடுக்கும் மாற்று, சரிசெய்யப்பட்ட பழைய போனாகவும் இருக்கலாம். வாரண்டி அட்டையில் அதற்கு இடம் வைத்திருப்பார்கள். ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியாக உள்ள அடையாள எண்தான் ஐஎம்இஐ; புதுப் பீஸின் ஐஎம்இஐ எண் பில்லில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். போனில் *#06# அழுத்தினால் அந்த எண் வரும். பில்லில் ஓர் எண்ணும் போனில் ஓர் எண்ணுமாக இருந்தால் பின்னால் வாரண்டி கேட்கும்போது பெரும்பாடு. பணம் திரும்பக் கேட்பவர்களுக்குச் சிக்கல் வேறு: பழைய போனைக் கொடுத்து விலை குறைத்து வாங்கியிருந்தால் அந்தப் பழைய போன் திரும்பி வராது, ஒரு தொகைதான் வரும். தவணையில் வாங்கியிருந்தால், கடன் கணக்கு முடிந்ததா என்பதைக் கடன் கொடுத்தவரிடமே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். கடைக்காரர் சொன்னால் போதாது.

சர்வீஸைப் பற்றி நான் இவ்வளவு எச்சரித்தாலும், அது எப்போதும் தவறான வழி என்று நினைக்கவில்லை. அக்காவின் போனில் இரண்டாவது மாதம் காதருகே வைக்கும் ஸ்பீக்கர் கரகரத்தது. வாரண்டியில் கொடுத்தார், ஒரு மணி நேரத்தில் அந்த ஸ்பீக்கரை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள். மூன்று ஆண்டாக அதே போன்தான் ஓடுகிறது. எந்தப் பாகம் பழுது என்பதைப் பொறுத்துத்தான் சர்வீஸ் நல்லதா கெட்டதா என்பது. ஸ்பீக்கர், வைப்ரேஷன் மோட்டார், சார்ஜிங் போர்டு, கேமரா இவையெல்லாம் தனித்தனியாகக் கழற்றி மாட்டும் பாகங்கள். மாற்றினால் புதுசுபோலவே இருக்கும். பேட்டரியும் அப்படியே. திரையை மாற்றுவது ஒரு படி கூடுதலான வேலை. மதர்போர்டு பழுது என்றால் முழுப் போர்டையும் மாற்றுகிறார்களா என்று கேளுங்கள். சூடுகாட்டிச் சிப்பை மறுபடி உட்காரவைக்கும் வேலையைப் புதுப் போனில் ஏற்காதீர்கள். திறமையான கை செய்தால் அது நிற்கும். சூடும் குளிரும் மாறி மாறிப் பட்டால் மறுபடி விடவும் கூடும். புதுப் போனுக்கு முழுப் பணம் கொடுத்தவர் அந்த ஐயத்தோடு ஏன் இருக்க வேண்டும்?

மிகவும் கடினமானது, உடற்கட்டில் இருக்கும் கோளாறு. திரை எழும்புவது, பின் கண்ணாடி விலகுவது, சட்டம் வளைவது. சர்வீஸில் இதை "வெளித்தோற்றம்" என்ற தலைப்பில் தள்ளிவிடப் பார்ப்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். ஐபி68 என்று எழுதியிருக்கும் போனில் 6 என்பது தூசு புகாமை, 8 என்பது நிறுவனம் குறித்த ஆழத்திலும் நேரத்திலும் நீரில் மூழ்கினாலும் தாங்குவது. சோதனை நல்ல நீரில் நடப்பது. இந்தத் தாங்குதிறன் முழுதும் ஓரத்தில் ஓடும் மெல்லிய பசையையும் ரப்பரையும் நம்பியிருக்கிறது. ஓரிடத்தில் விலகினால் போதும், எண்ணுக்குப் பொருளே இல்லை. அதே சமயம், நீர் புகுந்த பழுதைப் பெரும்பாலான வாரண்டிகள் ஏற்பதில்லை. போனுக்குள் வெள்ளை நிறத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும். ஈரம் பட்டால் சிவக்கும். தொழிற்சாலை விட்ட இடைவெளி வழியாக மழைச்சாரல் புகுந்து ஸ்டிக்கர் சிவந்தாலும் பழி நம் மேல்தான் விழும். இடைவெளியை முதல் நாளே படம் எடுத்து, போனை வாங்கிக்கொள்ளும்போது சர்வீஸில் எழுதித் தரும் சீட்டான ஜாப் ஷீட்டில் எழுதவைத்தால் அந்தப் பழியிலிருந்து தப்பலாம். திறந்து மூடிய போன் என்றால் புதுப் பசை வைத்தார்களா, காற்றழுத்தச் சோதனை செய்தார்களா என்று கேட்பது உங்கள் உரிமை.

இடைவெளி வளர்கிறதா என்று அறிய எளிய வழி உண்டு. மெல்லிய காகிதத் துண்டை அதில் நுழைத்து, எவ்வளவு போகிறதோ அங்கே பேனாவால் கோடு போட்டுத் தேதி எழுதிவையுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். அதே அளவென்றால் பொருத்துவதில் வந்த குறை. கூடியிருந்தால் உள்ளே பேட்டரி உப்புகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு சார்ஜ் போடக் கூடாது. அழுத்தி மூடப் பார்க்கக் கூடாது. கூரியரிலும் அனுப்பக் கூடாது. நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

சர்வீஸுக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், ஜாப் ஷீட்தான் உங்கள் ஆயுதம். அதில் காரணத்தை எழுதவிடாதீர்கள், அறிகுறியை எழுதவையுங்கள். "சாஃப்ட்வேர் பிரச்சினை" என்று எழுதினால் சாஃப்ட்வேர் போட்டுவிட்டு முடிந்தது என்பார்கள். "பேசும்போது தானாக அணைகிறது, நாளுக்கு இரண்டு முறை, வலது ஓரத்தில் இடைவெளி" என்று இருக்க வேண்டும். விட்டுவிட்டு வரும் கோளாறுக்குச் சர்வீஸ்காரர்கள் "கோளாறு எதுவும் இல்லை" என்று எழுதித் திருப்பிவிடுவது வழக்கம். அவர்கள் பார்க்கும் பத்து நிமிடத்தில் அது வராது. ஆகவே வேறு போனில் வீடியோ எடுத்து வையுங்கள். கொடுக்கும்போது போனில் கீறல் இல்லை என்பதையும் எழுதவையுங்கள். போனில் உள்ள சொந்த விஷயங்கள் சர்வீஸ்காரர்கள் கண்ணில் படாமல் இருக்க, சாம்சங்கில் இருக்கும் மெயின்டெனன்ஸ் மோடு அல்லது பிக்சலில் இருக்கும் ரிப்பேர் மோடைப் போட்டுவிட்டுக் கொடுக்கலாம். அந்த வசதி இல்லாத போனென்றால் பேக்கப் எடுத்து அழித்துவிட்டுக் கொடுப்பதே நல்லது.

வெளி மெக்கானிக்குகளில் நுண்ணோக்கி வைத்து அற்புதமாக வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போக வேண்டிய நேரம் வாரண்டி முடிந்த பின், அல்லது வாரண்டி மறுக்கப்பட்ட பின். அதற்கு முன் திறந்தால் மிச்சமிருக்கும் உரிமையும் தகராறில் சிக்கும். விற்பது கடைசி வழி. குறையைச் சொல்லித்தான் விற்க வேண்டும், உப்பிய பேட்டரியோடு விற்கவே கூடாது.

பொறுத்துக்கொள்ளக்கூடியவையும் உண்டு. பொத்தான் கொஞ்சம் ஆடுகிறது, அழுத்தினால் பின்புறம் லேசாக முனகுகிறது, ஒரே ஒரு பிக்சல் எரியவில்லை என்றால் நான் விட்டுவிடுவேன். திரைகளுக்கான ஐஎஸ்ஓ 9241-307 தரமே பிக்சல் குறைகளைத் தரவாரியாகப் பிரித்து ஓரளவுக்கு இடம் தருகிறது. ஒரு பிக்சலைக் காட்டிப் பல நிறுவனங்களிடம் மாற்றுப் பெற முடியாது. ஆனால் சும்மா இருக்கும்போது சூடாவது, தானாக அணைவது, சார்ஜர் முள் தளர்வது, திரையில் செங்குத்தாக ஒரு கோடு விழுவது இவற்றில் ஒன்றையும் பொறுக்கக் கூடாது. நாளாக ஆக இவை கூடுமே தவிரக் குறைவதில்லை.

என் போன் மூன்று முறை உள்ளே போய் வந்தது. முதல்முறை சாஃப்ட்வேர். இரண்டாவது முறை ஓரத்தில் பசை. மூன்றாவது முறை பார்த்தவர் பொறுமையான மனிதர், முழுதாகக் கழற்றியிருக்கிறார். பேட்டரி இணைப்பானை அழுத்திப் பிடிக்கும் தகட்டின் திருகு ஒன்று நேராக இறங்காமல் கோணலாக நின்றிருந்தது என்று காட்டினார். இணைப்பான் தளர்ந்து தளர்ந்துதான் போன் அணைந்திருக்கிறது. திரையும் அந்த இடத்தில் படியாமல் நின்றிருக்கிறது. சுத்தமான பீஸ் கோளாறு. ஆறாம் நாளே மாற்றுக் கேட்டிருந்தால் ஒரு நாளில் முடிந்திருக்கும். ஒரே அறிகுறி எழுதிய மூன்று ஜாப் ஷீட்டையும் இணைத்து எழுத்தில் புகார் கொடுத்த பிறகு, இரண்டு மாதம் கழித்து மாற்றுப் போன் வந்தது. கடை வாசலைத் தாண்டுவதற்கு முன் ஓரங்கள் நான்கிலும் காகிதத் துண்டை வைத்துப் பார்த்தேன். எங்கும் நுழையவில்லை.